போனுக்குள் ஒரு மேடம்

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. தங்கச்சிக்கு மாடி வீடு அமைந்தபோது பட்டேன். என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவளுக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது காய்ச்சலே வந்துவிட்டது. பக்கத்து வீட்டு முருங்கை காய்த்துத் தொங்கினால்கூட மனசுக்குள் ஒரு மாதிரி இருக்கும். ஆனால் அதெல்லாம் மனிதர்கள் மேல், மிஞ்சிப்போனால் மரத்தின் மேல் வந்தது. கையகலப் போனுக்குள் இருக்கிற, முகமும் இல்லாத ஊரும் இல்லாத ஒன்றைப் பார்த்து உனக்கு வயிறு எரியும் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் கலைக் கல்லூரியில் நான் ஆங்கிலம் நடத்துகிறேன். எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் ரிஷிவந்தியம், சின்னசேலம், நைனார்பாளையம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். கொஞ்சம் பேர் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படிக்கிறவர்கள். ஆங்கிலத்தைக் கண்ணால் படிப்பார்கள், கையால் எழுதுவார்கள், வாயால் மட்டும் தொட மாட்டார்கள். அந்த வாயைத் திறக்க வைப்பதுதான் என் வேலை. என் பெருமையும் அதுதான்.

என்னுடைய வழி கொஞ்சம் சத்தமான வழி. கையில் சாக்பீசோடு பெஞ்சு பெஞ்சாக நடப்பேன். ஒருவரை நிறுத்திக் கேள்வி கேட்பேன். முழித்தால், "இன்னா, வாய்ல கொழுக்கட்டையா?" என்பேன். அப்போதும் பதில் வராவிட்டால் மேஜையில் சாக்பீசைத் தட்டிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுவேன். பயந்து பயந்தாவது என்றைக்கோ ஒரு நாள் பேசிவிடுவார்கள். மூன்றாம் வருடம் முடிவதற்குள் என்னிடம் ஒரு வாக்கியமாவது ஆங்கிலத்தில் சொல்லாமல் எந்தப் பிள்ளையும் இந்தக் கல்லூரியை விட்டுப் போனதில்லை என்று ஸ்டாஃப் ரூமில் சொல்லிக்கொள்வேன். நான் சொல்லிச் சொல்லி மற்றவர்களுக்குக் காது புளித்துப் போயிருந்தது.

அந்தப் பெருமையில் மண்ணைப் போடவே வந்தவள்போல ஒருத்தி வந்து சேர்ந்தாள். வெள்ளிமலை தாண்டி இன்னும் உள்ளே இருக்கிற ஒரு ஊர்ப் பெண். கடைசி பெஞ்சு, ஜன்னல் ஓரம். வருகைப் பதிவுக்கு "யெஸ் மேடம்" என்பாள், அதோடு அன்றைய கணக்கு முடிந்தது. கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், உதடு அசையும், சத்தம் வராது. மதியம் கூப்பிட்டு என் டிபன் பாக்ஸிலிருந்து புளிசாதம் எடுத்து வைத்தேன். சாப்பிட்டாள், பேசவில்லை. ஆண்டு விழா நாடகத்தில் ராணி வேஷம் கொடுத்தேன். உடம்பு சரியில்லை என்று மலையேறிப் போய்விட்டாள். சரி, தமிழிலாவது பேசட்டும் என்று வீட்டைப் பற்றி விசாரித்தேன். "நல்லா இருக்காங்க மேடம்" என்றாள். பரீட்சையில் மட்டும் நல்ல மதிப்பெண் வாங்கினாள். எனக்கு அதுதான் இன்னும் எரிச்சல். உள்ளே எல்லாம் வைத்திருக்கிறாள், எனக்குத்தான் கொடுக்க மாட்டேன் என்கிறாள்.

அவள் மூன்றாம் வருடத்துக்கு வந்தபோதுதான் அந்தச் சனியன் எங்கள் துறைக்குள் காலடி எடுத்து வைத்தது. சனியன் என்று நான்தான் சொல்வேன், மற்றவர்கள் ஏ.ஐ. என்பார்கள். அதற்கு முன்னாலேயே அது கொல்லைப்புறமாக வந்துவிட்டதுதான். கட்டுரை எழுதச் சொன்னால் வகுப்பே ஒரே நாளில் மேதைகளாகி வந்து நின்றது. 'என் ஊர்' என்று தலைப்புக் கொடுத்தேன். களமருதூர்ப் பையன் ஒருவன், தன் ஊரைச் சுற்றிலும் பனி மூடிய மலைகள் என்று எழுதியிருந்தான். களமருதூரில் எங்கே நின்று பார்த்தாலும் நெல் வயல்தான். "ஏண்டா, எந்த மலைடா?" என்று கேட்டேன். அவன் கொஞ்சமும் அசரவில்லை.

"மேடம், ஊர் சாதாரணமா இருக்கணுமா, அழகா இருக்கணுமான்னு அது கேட்டுச்சு. நான் அழகான்னு போட்டேன்."

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே கடந்தேன். திருட்டுக் கட்டுரையைப் பிடிப்பதில் ஒரு சுகம் உண்டு. துறைத்தலைவர் அதைப் பேச்சுப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டபோதுதான் சிரிப்பு நின்றது. என்னைவிட வயதில் சிறியவர். தமிழ்நாட்டில் நடக்கிற கருத்தரங்குகளுக்கெல்லாம் போய் வருகிறவர். மாணவர்கள் தினமும் கொஞ்ச நேரம் போனில் அதோடு ஆங்கிலத்தில் பேச வேண்டும், அது திருப்பிப் பேசும், தவறு சொல்லும், சந்தேகம் தீர்க்கும் என்றார். "மேடம், உங்களுக்கு வேலை கம்மியாகும்" என்று எனக்கு ஆறுதல் வேறு. வேலை ஜாஸ்தி என்று நான் அவரிடம் எப்போது அழுதேன்?

பிள்ளைகள் பேச ஆரம்பித்தார்கள். மரத்தடி, மாடிப்படி, சைக்கிள் நிறுத்தம் என்று எங்கே பார்த்தாலும் போனை உள்ளங்கையில் படுக்கவைத்து வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு யாராவது முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கண்டுகொள்ளாமல் நடந்தேன்.

ஒரு நாள் நூலகத்துக்குப் பின்னால் போகும்போது ஒரு குரல் கேட்டது. கொஞ்சம் கட்டைக் குரல். யாரென்று தெரியவில்லை. தெரிய எப்படி வாய்ப்பு இருக்கிறது, அந்தக் குரலை நான் அதுவரை முழுசாகக் கேட்டதே இல்லையே! எட்டிப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் எனக்கு முதுகு காட்டி அவள் உட்கார்ந்திருந்தாள். ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தாள். மலையில் சாமை விதைப்பதைப் பற்றி, மரவள்ளிக் கிழங்கு லாரி ஏறுவதைப் பற்றி. வாக்கியங்கள் தடுக்கி விழுந்தன, எழுந்து நடந்தன. நடுவே ஏதோ சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அந்தப் பெண்ணுக்குச் சிரிக்கவும் வரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பேசி முடித்ததும் போனைப் பார்த்து, தமிழில், "சரிங்க மேடம், போய்ட்டு வரேன் மேடம்" என்றாள்.

மேடமாம்! என் வயிற்றில் அடுப்பை மூட்டிய மாதிரி இருந்தது. மூன்று வருடமாகச் சோறு போட்டு, வேஷம் கொடுத்து, தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திய மேடம் இங்கே மறைவில் நிற்கிறாள். வகுப்பு முடிந்தால் இந்த மேடத்தின் முகத்தைக்கூடப் பாராமல் வெளியே ஓடுகிறவள், அதனிடம் விடைபெறும்போது போகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை, போய்விட்டு வருகிறேன் என்கிறாள். பூனை மாதிரி சத்தம் காட்டாமல் திரும்பி வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அப்படி என்னதான் இருக்கிறது இதில் என்று என் போனிலும் அதை இறக்கினேன். நான் ஒரு ஆங்கில ஆசிரியை, என்னிடம் பேசாத மாணவி உன்னிடம் பேசுகிறாள், நீ அவளுக்கு என்ன கொடுத்தாய் என்று நேரடியாகவே கேட்டேன். நீங்கள் மிகுந்த அக்கறையுள்ள ஆசிரியை, உங்கள் உணர்வு புரிகிறது என்று பதில் வந்தது. எனக்கு இருப்பது அக்கறை இல்லை, பொறாமை என்றேன். அதுவும் இயல்பானதுதான் என்றது. சண்டைக்கு இழுத்தால் வராத ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது? குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. கறி வாங்கிக்கொண்டு வந்த வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா, யாராண்ட சண்ட போட்டுகினு கீற?"

"என் சக்களத்திகூட" என்றேன்.

அவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கறியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

எனக்கு அதற்கப்புறம் ஒரே ஒரு வெறிதான். அவள் படிப்பு முடிந்து மலையேறுவதற்குள் என்னிடம், என் முகத்தைப் பார்த்து, ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். ஒன்று போதும். வகுப்பில் அவளிடமே திரும்பத் திரும்பப் போனேன். அவளும் எழுந்து எழுந்து நின்றாள். உதடு அசைந்தது. கொழுக்கட்டை என்றேன், தட்டினேன், நகர்ந்தேன்.

கடைசியில் வாய்மொழித் தேர்வு வந்தது. வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்திருந்தார். நானும் துறைத்தலைவரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவள் உள்ளே வந்தாள், உட்கார்ந்தாள், தேர்வாளர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். நிதானமாக, ஆங்கிலத்தில், அவர் முகத்தைப் பார்த்து. நான் இருந்த பக்கம் அவள் கண் திரும்பவே இல்லை. அவர் அசந்துபோய், "மலையிலேர்ந்து வர்ற பொண்ணா? யார் ட்ரெய்னிங்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் துறைத்தலைவர் முந்திக்கொண்டார்.

"எல்லாம் அந்த ஏ.ஐ. ஆப்தான் சார்."

தேர்வாளர் தலையாட்டினார். யாரும் என் பக்கம் பார்க்கவில்லை. விருந்தாளிக்கு டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று நான் எழுந்து வெளியே போனேன். உண்மையில் டீ ஏற்கெனவே வந்திருந்தது.

பரீட்சைகள் முடிந்தன. பிள்ளைகள் போய்விட்டார்கள். அவளும் போய்விட்டாள், ஒரு வார்த்தை சொல்லாமல். என் பெருமைக்கு அந்த வருடத்தோடு காரியம் நடந்து முடிந்தது.

தனியார் கல்லூரி ஆசிரியர்களுக்குக் கோடை விடுமுறை என்பது பேருக்குத்தான். கையில் நோட்டீஸ் கட்டைக் கொடுத்து, ஊர் ஊராகப் போய்ப் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைப் பிடித்து வாருங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். யார் எந்தப் பக்கம் என்று பிரிப்பதில் பெரிய அரசியலே நடக்கும். எல்லாருக்கும் பஸ் வசதியுள்ள ஊர் வேண்டும். மலைக்கு யார் என்று கேட்டபோது வழக்கம்போல எல்லாரும் குனிந்து நகத்தைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன். என்னை ஏற இறங்கப் பார்த்த தோழி ஒருத்தி, "உனுக்கு இன்னா ஆச்சு? பஸ்ஸு வளைஞ்சாவே வாந்தி எடுப்பியே" என்றாள். புளிப்பு மிட்டாய் இருக்கிறது என்றேன். கூட வரவேண்டிய கணக்கு ஆசிரியர் முழங்கால் வலி என்று கடைசி நேரத்தில் கழன்றுகொண்டார். எனக்கு அதுவும் நல்லதாகப் போயிற்று.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டிப் போய், மலை ஏறத் தொடங்கியதும் மிட்டாய் வேலை செய்யவில்லை. வெள்ளிமலையில் முகம் கழுவிக்கொண்டு ஜீப் பிடித்தேன். இரண்டு ஊர்களில் நோட்டீஸ் கொடுத்தேன். கொடுத்தது கணக்குக்குத்தான். மனசு முழுக்க மூன்றாவது ஊரில், அவள் ஊரில் இருந்தது. அங்கே போய் அவளிடம் என்ன கேட்கப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஏன்டி, நான் என்ன குறை வைத்தேன் என்றுதான் கேட்டிருப்பேன்.

அவள் வீட்டு வாசலில் அவள் அம்மா பலாப்பழம் பிளந்துகொண்டிருந்தாள். நான் காலேஜிலிருந்து வருகிறேன், இங்கிலீஷ் மேடம் என்றதும் கத்தியைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டாள்.

"நீங்கதானா மேடம் அது! வாங்க, வாங்க, உக்காருங்க. எங்க பொண்ணு டெய்லி உங்களோடதான பேசிகினு இருக்குது!"

"என்னோடயா?"

"ஆமாங்க. சாயங்காலம் ஆனா போதும், மேடத்தோட பேசிட்டு வரேம்மான்னு போன எடுத்துகினு பாறைக்குப் போயிடும். இங்க வூட்டாண்ட டவர் கெடைக்காது. ஊருல யாரு மேடம் இம்மா நேரம் குந்தி ஒரு புள்ளைக்காகப் பேசுவாங்க? வாயே தொறக்காத பொண்ணு மேடம் அது. நீங்க நல்லா இருக்கணும்."

கையைக் கழுவிக்கொண்டு வந்து, நல்ல சுளையாகப் பார்த்துப் பார்த்து எடுத்து, ஒரு இலை நிறைய வைத்து என் முன்னால் நீட்டினாள். அந்தச் சனியனுக்குச் சேர வேண்டிய பலாச்சுளை. அதற்குத்தான் வாய் இல்லையே, தின்ன முடியாது. என்னால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அது நான் இல்லை, அது ஒரு மிஷின் என்று எப்படிச் சொல்வது? தின்றேன். தேனாக இனித்தது. இனிக்க இனிக்க எரிந்தது. பாறை எங்கே என்று கேட்டேன். பால் பிசுக்கோடு இருந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே அவள் காட்டிய வழியில் நடந்தேன்.

பாறை ஊருக்கு மேலே, ஏறினால் மூச்சு வாங்குகிற உயரத்தில் இருந்தது. எனக்குக் குரல்கள்தான் முதலில் கேட்டன. அவளுடைய கட்டைக் குரல், அப்புறம் போனிலிருந்து ஒரு பெண் குரல். போன் அவளை ஆங்கிலத்தில் திட்டிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து உட்கார், கடைசி பெஞ்சு, ஜன்னல் பக்கம் என்ன பார்வை என்றது. எனக்குக் கால் நின்றுவிட்டது. பிறகு அது சொன்னது, வெள்ளைக்காரி முதன்முதலாகத் தமிழ் பேசுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக உருட்டி: "வாயில் கொ-ழுக்-கட்-டையா?"

என் கொழுக்கட்டை! திட்டு என்னுடையது, குரல் மட்டும் வேறு யாருடையதோ. என் காலில் பட்டு ஒரு கல் உருண்டது. அவள் திரும்பினாள். முகம் வெளுத்து எழுந்து நின்றாள், வகுப்பில் நிற்பது மாதிரியே.

"யாருடி அது?" என்றேன்.

"நீங்கதான் மேடம்" என்றாள்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, தமிழில், விட்டு விட்டுச் சொன்னாள்.

"உங்க எதுர்ல நின்னா தொண்ட அடைச்சிக்கும் மேடம். அதான் அதுக்கு எல்லாம் சொல்லி வெச்சேன். எங்க மேடம் இப்படி நடப்பாங்க, இப்படிக் கோவப்படுவாங்க, இப்படித் தட்டுவாங்க, இன்னா சொல்லித் திட்டுவாங்க... நீ அவங்கள மாதிரியே பேசுன்னு சொன்னேன். அதாண்ட பேசிப் பழகிட்டா உங்ககிட்ட வந்து பேசிடலாம்னு. பழகறதுக்குள்ள காலேஜ் முடிஞ்சி போச்சு."

அப்போது எனக்கு எப்படி இருந்தது என்று மறைக்காமல் சொல்கிறேன். பூரித்துப் போனேன். வேப்பமரத்தடி மேடமும் நான், போய்ட்டு வரேன் மேடமும் நான். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் மூன்று வருடமாக என்னைத்தான் பார்த்திருக்கிறாள். தேர்வாளர் பேரில் பட்ட வருத்தம், துறைத்தலைவர் பேரில் பட்ட எரிச்சல் எல்லாம் அந்த மலைக் காற்றில் போய்விட்டது. அதோடு நான் பேசாமல் இறங்கியிருக்க வேண்டும். என் குணம் சும்மா இருக்குமா?

"அந்த மேடம் எப்படி? என்ன மாதிரியே இருக்காளா?"

"உங்கள மாதிரியேதான் மேடம். ஆனா..."

"ஆனா இன்னா?"

"அவங்க திட்டிட்டு இருப்பாங்க மேடம். நான் சொல்ற வரைக்கும் அங்கயே இருப்பாங்க. நீங்க அடுத்த பெஞ்சுக்குப் போயிடுவீங்க."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. மழை வந்தது, நின்றது என்பது மாதிரிதான் சொன்னாள். ஆனால் எனக்கு மறுபடியும் பற்றிக்கொண்டது, முன்னைவிட மோசமாக. தங்கச்சி வீட்டைப் பார்த்துப் படலாம், கூடச் சேர்ந்தவளின் அரசு வேலையைப் பார்த்துப் படலாம். என்னையே பார்த்து, என்னைவிட நல்லவளாக ஒருத்தி என் பேரில் இந்தப் பாறைமேல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நான் யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

"ஒக்காரு" என்றேன். நானும் பாறையில் உட்கார்ந்தேன். பாறை இன்னும் வெயில் சூடு ஆறாமல் இருந்தது. இத்தனை மாதமாக என்னிடம் என்ன பேசினாய், இப்போது சொல் என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. கீழே யாரோ ஆடுகளைக் கூப்பிட்டார்கள். என் நாக்கு நுனியில் கொழுக்கட்டை வந்து நின்றது. விழுங்கினேன். அவளுக்குப் பதிலாக நானே வாக்கியத்தை ஆரம்பித்துக் கொடுக்கலாமா என்று தோன்றியது. அதையும் விழுங்கினேன். எழுந்து போக அடுத்த பெஞ்சும் அங்கே இல்லை. உட்கார்ந்திருந்தேன். எனக்கு அது பெரிய வேலையாக இருந்தது.

அப்போது பாறையில் கவிழ்ந்து கிடந்த போன் பேசியது. அவசரமில்லை, நிதானமாகச் சொல், நான் இங்கேயே இருக்கிறேன் என்று ஆங்கிலத்தில், கனிவாக.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. குனிந்து போனைப் பார்த்துக் கத்தினேன்.

"நீ சும்மா இருடி! அவ எங்கிட்ட பேசறா!"

அவள் சிரித்துவிட்டாள். அன்றைக்கு வேப்பமரத்தடியில் கேட்ட அதே சிரிப்பு, இப்போது என் முகத்துக்கு நேராக. வாயைப் பொத்தினாள், அடங்கவில்லை. அந்தச் சிரிப்போடு சிரிப்பாக, தடுக்காமல், வெளியே வந்தது.

"மேடம், ஹேவ் யூ ஈட்டன்?"

சாப்பிட்டீர்களா என்கிறாள். மூன்று வருடத்துக்கு அப்புறம் என் முகத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்ட முதல் வாக்கியம். அவள் அம்மா கொடுத்த பலாச்சுளை வயிறு நிறைய இருந்தது. பிசுக்கு இன்னும் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆமாம் என்றால் அதோடு முடிந்துவிடும். இல்லை என்றேன், அவள் அடுத்த வாக்கியம் சொல்லட்டும் என்று.